ராஸ்பெரி பையில் வீட்டு மீடியா சென்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை டிவிக்குப் பின்னால் மாட்டி, சேர்த்து வைத்த படங்களையும் பாட்டுகளையும் வீட்டு வீடியோக்களையும் ரிமோட்டில் பார்க்க ஆசைப்படுபவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "பை ஸ்லோவா இருக்கு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை அடாப்டர், கேபிள், கார்டு, வீடியோ ஃபைலின் வகை ஆகிய நான்கில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

பென்டிரைவை டிவியில செருகினாலே படம் ஓடுதே, அப்புறம் இதெல்லாம் எதுக்கு?

ஓடினால் சந்தோஷம். மாதத்துக்கு ஒரு படம் பார்ப்பவருக்கு அதுவே போதும், இதில் இறங்கவே வேண்டாம். ஆனால் டிவியின் சொந்த பிளேயர் சில ஃபைல்களைத் திறக்காது. திறந்தாலும் சத்தம் வராது, சத்தம் வந்தால் சப்டைட்டில் வராது. நூறு படம் சேர்ந்துவிட்டால் ஃபைல் பெயர்களின் நீண்ட பட்டியலில் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீடியா சென்டர் அதே ஃபைல்களை போஸ்டர், கதைச் சுருக்கம், நடிகர் பெயர்களோடு அடுக்கிக் காட்டும். பாதியில் நிறுத்திய இடத்தை நினைவில் வைத்திருக்கும். தொடரில் அடுத்த பகுதி எது என்று அதற்கே தெரியும். வீட்டில் வேறு கணினியில் இருக்கும் படங்களையும் எடுத்து ஓட்டும்.

எந்த பை வாங்கணும்? பழைய பை 3 சும்மா கிடக்கு, அது போதாதா?

உங்களிடம் இருப்பவை எல்லாம் 1080பி (முழு எச்டி) வரையிலான சாதாரண எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) படங்கள் என்றால் 2016-இல் வந்த பை 3 இன்னும் தாராளமாகப் போதும். மெனு கொஞ்சம் நிதானமாக நகரும், அவ்வளவுதான். எச்இவிசி எனப்படும் எச்.265 படங்கள் வந்தால்தான் அது மூச்சு வாங்கும். அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கும் முழு ஹார்டுவேர் அதில் இல்லை.

2019-இல் வந்த பை 4 எச்இவிசியை 4கே அளவிலும், எச்.264-ஐ 1080பி அளவிலும் ஹார்டுவேரிலேயே பிரிக்கும். 2023-இல் வந்த பை 5 வேகத்தில் அதைவிடப் பல படி மேல். ஆனால் மீடியா சென்டர் வேலைக்கு மட்டும் என்றால் அந்த வேகம் மெனுவில்தான் தெரியும், படத்தில் தெரியாது. இதற்காகவே புதிதாக வாங்குபவருக்கு 2 ஜிபி பை 4 என்பேன். வேறு வேலைக்கும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் பை 5. 4 ஜிபி, 8 ஜிபி மாடல்களால் படம் இதைவிட ஒரு துளியும் கூடுதல் நன்றாக ஓடிவிடாது. 512 எம்பி நினைவகம் கொண்ட பை ஜீரோ 2-விலும் ஓட்டலாம்தான், ஆனால் பொறுமை வேண்டும்.

போர்டு தவிர வேற என்னென்ன வாங்கணும்?

அடாப்டர், மெமரி கார்டு, எச்டிஎம்ஐ கேபிள், ஒரு கேஸ். கார்டு 16 ஜிபி இருந்தால் போதும். படங்களை அதில் வைக்கப் போவதில்லை. கார்டின் மேல் ஏ1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சிறு சிறு ஃபைல்களை வேகமாகப் படிக்கும் கார்டு என்பதற்கான அடையாளம் அது. மெனு சுறுசுறுப்பாக இருப்பதும் அதைப் பொறுத்ததே.

கேபிளில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பை 3-இல் இருப்பது டிவியில் உள்ள அதே பெரிய எச்டிஎம்ஐ. பை 4, 5 இரண்டிலும் மைக்ரோ எச்டிஎம்ஐ. ஜீரோ வகைகளில் மினி எச்டிஎம்ஐ. மினி வேறு, மைக்ரோ வேறு. ஒன்று மற்றொன்றில் நுழையாது. முடிந்தவரை ஒரு முனை மைக்ரோ, மறுமுனை பெரியது என்று முழுக் கேபிளாக வாங்குங்கள். சின்ன கன்வெர்ட்டரை மாட்டி அதன் மேல் கனமான கேபிளைத் தொங்கவிட்டால் அந்த எடை முழுவதும் போர்டின் துளையில் விழுந்து, நாளடைவில் லூசாகிவிடும்.

போன் சார்ஜரும் 5 வோல்ட்தானே? 65 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு, அதைப் போட்டா என்ன?

பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தேவை, பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். உங்கள் 65 வாட் சார்ஜர் அந்த 65 வாட்டை 5 வோல்ட்டில் தருவதில்லை. 9, 15, 20 வோல்ட்டுக்கு உயர்த்தித்தான் தருகிறது. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். எந்தப் பையானாலும் சரி, 5 வோல்ட்டைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. ஆகவே சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

மின்சாரம் குறைந்தால் பை உடனே அணைந்துவிடாது. அதனால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வைஃபை விட்டு விட்டு வரும், ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போகும், ஒருநாள் கார்டே கெட்டுப்போகும். பை 3, 4 வைத்திருப்பவர்கள் படம் ஓடும்போது போர்டின் ஓரத்தில் உள்ள சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகும் நொடியில் அது அணைந்து மீண்டும் எரியும். விளக்கு சிமிட்டினால் பழி அடாப்டர் மேலோ அதன் ஒல்லியான ஒயர் மேலோதான். பை 5-ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் போட்டால் இயங்கும்தான், ஆனால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். சரியான அடாப்டரில் அது 1.6 ஆம்பியர்.

டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே பைக்கு மின்சாரம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அது பென்டிரைவுக்காக வைத்த துளை.

கோடி, லிப்ரெஎலெக், ஓஎஸ்எம்சின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போடுறது?

கோடி என்பது பிளேயர். திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்தது. 2014-இல் கோடி ஆனது. லிப்ரெஎலெக் என்பது கோடியை ஓட்டுவதற்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்ட குட்டி லினக்ஸ் இயங்குதளம். 2016-இல் ஓப்பன்எலெக்கிலிருந்து பிரிந்து வந்தது. ஓஎஸ்எம்சியும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அடியில் டெபியன் என்ற முழு லினக்ஸ் இருப்பதால் வேறு மென்பொருள்களையும் சேர்த்து நிறுவலாம்.

டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்றால் லிப்ரெஎலெக். அதன் சிஸ்டம் பகுதி எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது; வீட்டில் யார் எதை அழுத்தினாலும் கெடாது. ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டு அதன் மேல் கோடி போடுவதும் முடியும். ஆனால் அது கணினியாகவும் பயன்படுத்துபவர்களுக்கானது.

எனக்கு லினக்ஸ் தெரியாது. கமாண்ட் எல்லாம் அடிக்கணுமா?

ஒன்றுகூட அடிக்க வேண்டாம். வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச நிரலை இறக்குங்கள். அதில் உங்கள் பை மாடலைத் தேர்ந்தெடுத்து, இயங்குதளப் பட்டியலில் மீடியா பிளேயர் பிரிவுக்குள் போனால் லிப்ரெஎலெக் இருக்கும். கார்டைச் செருகி எழுதச் சொன்னால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பை 4-க்கான பதிப்பு பை 5-இல் எழாது.

எழுதி முடித்ததும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டியைக் காட்டும். பதறி ஓகே கொடுத்துவிடாதீர்கள், கேன்சல் கொடுங்கள். கார்டின் இரண்டாவது பகுதி லினக்ஸ் வகை என்பதால் விண்டோஸுக்கு அது புரியவில்லை, வேறொன்றுமில்லை. கார்டைப் பையில் போட்டு ஆன் செய்தால், அது தானாகவே கார்டு முழுவதற்கும் விரிந்து ஒருமுறை மறுபடி தொடங்கி, வைஃபை பாஸ்வேர்டு கேட்கும்.

ரிமோட் தனியா வாங்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் பட்டன்களைப் பைக்கு அனுப்பும் சிஇசி என்ற வசதி இருக்கிறது. ஆனால் டிவி மெனுவில் சிஇசி என்று தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். அதை ஆன் செய்துவிட்டு டிவி ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். கோடி மெனு நகரும். நகராவிட்டால் கேபிளைப் பையின் மின் இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள முதல் எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றுங்கள். சில மலிவுக் கேபிள்களில் சிஇசிக்கான கம்பியே இருக்காது, அதையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் கோர் (Kore) என்ற கோடியின் சொந்த ரிமோட் செயலி இருக்கிறது. படத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேட அதுதான் வசதி.

ஹார்ட் டிஸ்க்ல ஒரு படம் மட்டும் காப்பி ஆகவே மாட்டேங்குது. இடம் நிறைய இருக்கு.

டிஸ்க் ஃபேட்32 வகையில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸ் கணினியிலும் மாற்றி மாற்றிச் செருகுவதாக இருந்தால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வையுங்கள். பையைவிட்டு நகராது என்றால் லினக்ஸின் எக்ஸ்ட்4 நல்லது. திடீரென்று மின்சாரம் போனாலும் சமாளித்துக்கொள்ளும். எதற்கு மாற்றினாலும் டிஸ்க்கில் உள்ளவை அழியும், முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் இருக்கும், கவலையில்லை. சிறிய 2.5 அங்குல டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். பை 4 யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துத் தருவது 1.2 ஆம்பியர். ஒரு டிஸ்க் ஓடும், இரண்டு மாட்டினால் தகராறுதான். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டுங்கள்.

போஸ்டர் வரவே இல்ல. வந்தாலும் வேற ஏதோ படத்தோடது வருது.

கோடி படத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. ஃபைலின் பெயரைப் படித்து டிஎம்டிபி போன்ற இணையத் தரவுத்தளத்தில் தேடுகிறது. பெயரில் தரம், குழுவின் பெயர், மொழி என்று வால் நீண்டிருந்தால் குழம்பும். படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளிவந்த ஆண்டு. இவ்வளவுதான் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் வந்திருக்கும்போது ஆண்டுதான் காப்பாற்றும்.

தொடர்களைப் படங்களோடு கலக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். தொடருக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே ஒவ்வொரு ஃபைலிலும் எஸ்01இ02 என்ற பாணியில் சீசன் எண்ணும் பகுதி எண்ணும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம் அந்த ஃபோல்டரைக் கோடியில் சேர்க்கும்போது, இதில் இருப்பது படமா தொடரா என்று கேட்கும். அதற்குத் தவறாகப் பதில் சொன்னால் பெயர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒன்றும் வராது. வீட்டு வீடியோக்களுக்கு எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவுக்கு எந்தத் தரவுத்தளத்திலும் போஸ்டர் கிடைக்காது.

ஒரு எம்கேவி நல்லா ஓடுது, இன்னொரு எம்கேவி இழுத்து இழுத்து ஓடுது. ரெண்டும் எம்கேவிதானே?

எம்கேவி, எம்பி4 என்பவை டப்பாவின் பெயர்கள். டப்பாவுக்குள் என்ன அடைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். உள்ளே வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கோடெக் என்கிறோம். எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 ஆகியவை இப்போது அதிகம் கண்ணில் படுபவை. எந்தக் கோடெக்கை விரிக்கத் தனி ஹார்டுவேர் சிப்பில் இருக்கிறதோ, அது சூடே இல்லாமல் ஓடும். இல்லாததைப் பிராசசர் தன் சொந்த பலத்தில் விரிக்க வேண்டும். ஒரு அளவுவரை விரிக்கும், அதற்கு மேல் படம் இழுக்கும், சத்தமும் உதடும் பொருந்தாமல் போகும்.

எது நடக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், கோடியே சொல்லும். ஒரு கீபோர்டை மாட்டி, படம் ஓடும்போது ஆங்கில எழுத்து ஓ-வை அழுத்துங்கள். திரையில் ஒரு சின்னப் பலகை வரும். வீடியோ டிகோடர் என்ற வரியில் கோடெக்கின் பெயரும் பக்கத்தில் அடைப்புக்குள் எச்டபிள்யூ அல்லது எஸ்டபிள்யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். முதலாவது ஹார்டுவேர், இரண்டாவது சாஃப்ட்வேர். அதே பலகையில் பிராசசர் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பதும் தெரியும். எஸ்டபிள்யூ என்றும் பிராசசரின் நான்கு கோர்களும் நூறை நெருங்குவதாகவும் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் பைக்கு மிஞ்சியது. எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

பை 4, 5 இரண்டிலும் விபி9-க்கும் ஏவி1-க்கும் ஹார்டுவேர் இல்லை. 1080பி அளவில் சமாளிக்கலாம், 4கே ஏவி1 என்றால் கையை விரித்துவிடும். 10 பிட் எச்.264 என்றொரு வகை உண்டு. அனிமேஷன் தொடர்களில் அதிகம் வரும். அதுவும் பிராசசர் பாடுதான். அப்படிப்பட்ட ஃபைல்களைப் பெரிய கணினியில் ஹேண்ட்பிரேக் நிரல் வைத்து ஒருமுறை எச்இவிசியாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பை 5-ல எச்.264 ஹார்டுவேரே இல்லையாமே? அப்ப புதுசு பழசைவிட மோசமா?

இல்லை என்பது உண்மை, மோசம் என்பது உண்மையில்லை. பை 5-இல் எச்இவிசிக்கு மட்டும்தான் ஹார்டுவேர். எச்.264 படத்தில் ஓ-வை அழுத்தினால் எஸ்டபிள்யூ என்றுதான் காட்டும். ஆனால் அந்தப் பிராசசருக்கு 1080பி எச்.264 ஒரு பொருட்டே இல்லை. பலகையில் சதவீதத்தைப் பாருங்கள், நிம்மதியாகிவிடும்.

படம் வருது, சத்தம் வரல. வந்தாலும் பேச்சு கேக்கல, சண்டைக் காட்சியில காது கிழியுது.

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சத்தமே இல்லை என்றால் முதலில் ஆடியோ அமைப்பில் வெளியீடு எச்டிஎம்ஐ என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து பாஸ்த்ரூ. அது ஆன் ஆகியிருந்தால் கோடி ஒலியைத் தான் விரிக்காமல் அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும். பல டிவிகளுக்கு டிடிஎஸ் ஒலி புரியாது, அதனால் மௌனம். தனி ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர் இல்லாதவர்கள் பாஸ்த்ரூவை ஆஃப் செய்துவிடுங்கள்.

பேச்சு மட்டும் அமுங்கினால், ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைக்கும் விதத்தில் கோளாறு. பேச்சு முழுவதும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். அப்புறம் படம் ஓடும்போதே ஆடியோ அமைப்பைத் திறந்து நடுத் தடத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பை 5-இல் ஹெட்போன் துளை கிடையாது. பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

தமிழ் சப்டைட்டில் போட்டா கட்டம் கட்டமா வருது.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு யூனிகோடு எழுத்துருவை, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழ், கோடியின் மீடியா ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்துக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கிலக் குறிகள் வந்தால் அது வேறு நோய். ஃபைல் பழைய குறியாக்கத்தில் இருக்கிறது. யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் சரியாகும்.

சப்டைட்டில் வரவே இல்லை என்றால் பெயரைப் பாருங்கள். எஸ்ஆர்டி எனப்படும் சப்டைட்டில் ஃபைலின் பெயர் படத்தின் ஃபைல் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் துள்ளித் துள்ளிப் போகுது. பைக்கு வேகம் பத்தலையா?

வேகம் போதும். சினிமா நொடிக்கு 24 பிரேம், சரியாகச் சொன்னால் பெரும்பாலும் 23.976. டிவிக்குப் பை அனுப்புவது நொடிக்கு 60. அறுபதில் இருபத்து நான்கு சரிசமமாகப் பொருந்தாது; ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்படும். அந்த ஏற்றத்தாழ்வுதான் துள்ளலாகத் தெரிகிறது. கோடியின் பிளேயர் அமைப்பில், வீடியோ பிரிவில், திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். கண்ணில் படாவிட்டால் கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றினால் தெரியும். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுப்பாகிவிட்டு வரும், அது கோளாறு அல்ல.

4கே டிவி வைத்திருப்பவர்கள் மெனுவை 1080பியிலேயே வைத்துவிட்டு, ஒயிட்லிஸ்ட் என்ற பட்டியலில் 4கே அளவுகளைச் சேர்த்தால் நல்லது. மெனு இலகுவாக ஓடும், 4கே படம் வரும்போது மட்டும் திரை 4கேக்கு மாறும்.

4கே படம் வெளிறிப்போய், சாயம் போன மாதிரி தெரியுது.

அது எச்டிஆர் (ஒளியும் வண்ணமும் விரிந்த வீச்சில் உள்ள) படம், உங்கள் டிவி எச்டிஆர் இல்லாதது. அல்லது டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு எச்டிஆரை இயக்காமல் வைத்திருக்கிறீர்கள். பல டிவிகளில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். பை 4, 5 எச்டிஆர்10-ஐ அனுப்பும். சாதாரண டிவிக்கேற்ப வண்ணத்தை மாற்றித் தராது. முகம் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிந்தால் அது டால்பி விஷன் என்ற வேறொரு எச்டிஆர் முறையின் ஒரு குறிப்பிட்ட வகை. பையில் அதற்கு வழியில்லை, அந்தப் படத்தின் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

படம் எல்லாம் வேற ரூம் கம்ப்யூட்டர்ல இருக்கு. வைஃபைல ஓடுமா?

1080பி ப்ளூரே படத்தின் வீடியோ அதிகபட்சம் நொடிக்கு 40 மெகாபிட். நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஓடிவிடும். 4கே ப்ளூரே 128 மெகாபிட் வரை போகும், அதற்குக் கேபிள்தான். பை 4 முதல் முழு ஜிகாபிட் துளை இருக்கிறது, பை 3-இன் முதல் மாடலில் 100 மெகாபிட்தான். வைஃபை காரணமில்லாமல் தடுமாறினால், யுஎஸ்பி 3 டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் விழுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலோ டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலோ போய்விடும்.

விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டர் கோடியின் தேடலில் தெரியவில்லை என்பார்கள். தேடாதீர்கள், நெட்வொர்க் லொகேஷன் சேர்க்கும் இடத்தில் கணினியின் ஐபி எண், ஃபோல்டரின் பகிர்வுப் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு நான்கையும் நேரடியாகக் கொடுங்கள். விண்டோஸைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் (PIN) எண் இங்கே செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் இதுல வருமா?

இதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். சந்தா நிறுவனங்கள் உயர்தரப் படத்தை வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்பு உள்ள கருவிகளுக்குத்தான் தருகின்றன. பையில் அது இல்லை. ஆர்வலர்கள் எழுதிய ஆட்ஆன்கள் (கோடியில் சேர்க்கும் துணை நிரல்கள்) மூலம் பார்க்கலாம், ஆனால் தரம் குறைவாக இருக்கும், நிறுவனம் எதையாவது மாற்றினால் ஒருநாள் நின்றும் போகும். யூடியூப் ஆட்ஆன் இருக்கிறது. அதற்கு உங்கள் பெயரில் ஒரு ஏபிஐ சாவி (நிரல் யூடியூபோடு பேசுவதற்கான அடையாளக் குறி) வாங்கிப் போட வேண்டும். தரத்தை 1080பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வருபவை மேலே கோடெக் பதிலில் சொன்ன விபி9, ஏவி1 வகைகள்.

எல்லாப் படமும் இலவசமா வர்ற கோடி பில்டு ஒண்ணு இருக்காமே?

கோடியில் தானாக எந்தப் படமும் வராது. அப்படி வரும் பில்டுகள், அதாவது ஆட்ஆன்களை நிரப்பிக் கொடுக்கும் கோடிப் பொட்டலங்கள், திருட்டுப் பிரதிகளைத் தேடிக்கொடுப்பவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்ஆன் என்பது உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் ஓடும் நிரல். யார் எழுதினார் என்றே தெரியாத ஒன்றை ரூட்டருக்கு உள்ளே விடுகிறீர்கள். உங்கள் கோடியில் விசித்திரக் கோளாறு வந்து, உதவி கேட்கும்போது இந்தப் பில்டைப் போட்டிருப்பது தெரிந்தால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கோடியா, பிளெக்ஸா, ஜெல்லிஃபின்னா?

கோடி பிளேயர். பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் சர்வர். ஒரு டிவி, அதில் செருகிய ஒரு டிஸ்க் என்றால் சர்வரே தேவையில்லை. போன், டேப்லெட், இரண்டு டிவி என்று பல இடத்தில் ஒரே சேகரிப்பைப் பார்க்க வேண்டும் என்றால்தான் சர்வர். 2018-இல் எம்பி (Emby) என்ற சர்வர் நிரலிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். என் ஓட்டு அதற்கே.

ஆனால் பையையே சர்வராக்கும்போது ஒரு எச்சரிக்கை. எதிர்முனைக் கருவிக்குப் புரியாத படத்தைச் சர்வர் உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பையிடம் தெம்பு இல்லை. பை 5-இல் வீடியோவைச் சுருக்கும் ஹார்டுவேரே கிடையாது. மாற்றாமல் அப்படியே அனுப்பும் வரை நன்றாக நடக்கும்.

பிளக்கை அப்படியே பிடுங்கலாமா? கார்டு அடிக்கடி கெட்டுப்போகுது.

பிடுங்கக் கூடாது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோடியின் தரவுத்தளம் சிதையும். மெனுவில் பவர் ஆஃப் கொடுத்து, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்றபின் அணையுங்கள். இல்லையென்றால் ஆன் செய்தபடியே விட்டுவிடலாம். 5 வாட் என்று வைத்தாலும் ஆண்டு முழுவதற்கும் 44 யூனிட்டுக்குள் அடங்கும். ஒழுங்காக அணைத்தும் கார்டு கெடுகிறது என்றால் அடாப்டர் பதிலை மறுபடி படியுங்கள்.

எல்லாம் ஒழுங்காக அமைந்த அன்றே லிப்ரெஎலெக் அமைப்பில் உள்ள பேக்கப்பை ஒருமுறை எடுத்து, அந்த ஃபைலைக் கணினியில் வையுங்கள். கார்டு போனால் புதிய கார்டில் எழுதி, அதை ரீஸ்டோர் செய்தால் போஸ்டர் முதல் பாதியில் நிறுத்திய இடம் வரை திரும்பி வரும்.

டிவியை அப்புறமா ஆன் பண்ணினா படமே வர மாட்டேங்குது. முதல்ல டிவியை ஆன் பண்ணினா வருது.

பை தொடங்கும்போது "உன்னால் என்னென்ன அளவு காட்ட முடியும்" என்று டிவியிடம் கேட்கிறது. அந்தப் பதிலுக்கு எடிட் (EDID) என்று பெயர். சில டிவிகள் தூங்கும்போது பதில் சொல்வதில்லை. லிப்ரெஎலெக்கில் அந்தப் பதிலை ஒருமுறை கார்டில் சேமித்துவைக்க ஒரு கட்டளை உண்டு, கெட்எடிட் கிரியேட் (getedid create). வேறொரு கணினியிலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், டிவி ஆனில் இருக்கும்போது அதை அடித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். கமாண்டே வேண்டாம் என்று மேலே சொன்னேனே, இது ஒன்றுதான் விதிவிலக்கு. டிவியை மாற்றினால் திரும்பச் செய்ய வேண்டும்.

ரொம்ப சூடாகுதே?

80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. பை 4-க்கு, உடம்பே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்காக இருக்கும் அலுமினியக் கேஸ் போதும், ஃபேன் சத்தமும் இருக்காது. பை 5-க்கு ஃபேன் உள்ள கூலர் போட்டுவிடுங்கள். டிவியின் முதுகில் சூடான காற்று வெளியேறும் இடத்தில் மட்டும் ஒட்டாதீர்கள்.

இவ்வளவு பாடு படுறதுக்கு ஒரு மினி பிசியோ ஆண்ட்ராய்டு பாக்ஸோ வாங்கிட்டா என்ன?

சில பேருக்கு அதுதான் சரி. சந்தா சேவைகள்தான் முக்கியம் என்றால் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி கருவி வாங்குங்கள். அதிலும் கோடியை நிறுவலாம். 4கே ஏவி1 ஃபைல்கள் நிறைய இருந்தாலோ, படத்தை மாற்றி அனுப்பும் சர்வர் வேண்டும் என்றாலோ இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி நல்லது. எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 நான்கையும் அது ஹார்டுவேரில் விரிக்கும். பையோடு அடாப்டர், கார்டு, கேஸ், கேபிள் என்று சேர்த்துக் கூட்டினால் விலை வித்தியாசமும் நினைத்த அளவு இருக்காது.

சொந்தச் சேகரிப்பு, அதிலும் எச்.264-உம் எச்இவிசியும்தான் என்றால் பை போதும். ஏற்கெனவே ஒரு பை கையில் இருந்தால் இன்னும் எளிது. ஒரு கார்டில் லிப்ரெஎலெக்கை எழுதி, உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஃபைலை ஓட்டி, ஓ-வை அழுத்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழைய கார்டை எடுத்துச் செருகினால் பை பழையபடி இருக்கும்.